தெஹிவளையில் நான் தின்ற ஏழு

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு என் தங்கச்சி பெற்று என்னிடம் விட்டுப் போனது. ஏழு பேரில் ஒருவரும் பசியோடு படுத்ததில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்து பெரிதாகத்தான் வரும், ஆனால் வரும். அதனால் இதை நானே எழுதுகிறேன்.

சண்டைக் காலம். எங்கள் பக்கம் ரயில் ஓடாத வருடங்கள். என் வீட்டுக்காரருக்குக் கழுத்தில் எலுமிச்சங்காய் அளவில் ஒரு கட்டி வந்தது. மட்டக்களப்பில் பார்த்த டாக்டர் கொழும்புக்குக் கடிதம் கொடுத்தார். மூத்த மகளிடம் வீட்டை ஒப்படைத்துவிட்டு, தேற்றாத்தீவிலிருந்து இரண்டு நாள் பஸ்ஸில் போனோம். எத்தனை இடத்தில் இறக்கி ஏற்றினார்கள் என்று கணக்கில்லை. வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்து, வெளியூர்த் தமிழர் பதிய வேண்டும் என்பதால் பொலிசில் பதிந்து, பதிவுத் துண்டை வாங்கி அடையாள அட்டையோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கொழும்பு டாக்டர் சொன்னதை ஒரு தமிழ்த் தாதி எனக்கு விளங்கப்படுத்தினாள். கட்டியை வெட்டி எடுத்தால் ஆள் தப்புவார். ஆனால் மலேரியா இரண்டு தரம் அடித்துப் போட்ட உடம்பு, நிறை நாற்பத்திரண்டு கிலோதான். நாற்பத்தாறு வந்தால்தான் கத்தி வைக்கலாம். கட்டி வளர்கிறது, ஆறு கிழமைக்கு மேல் பொறுக்க முடியாது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து நிறுக்க வேண்டும்.

“என்ன பத்தியம் புள்ள?” என்று கேட்டேன்.

“ஒரு பத்தியமும் இல்ல அம்மா. எதெண்டாலும் சாப்பிடட்டும். சாப்பிட்டாக் காணும்.”

அதுதான் நடக்கவில்லை. கடையில் சோற்றுப் பார்சல் வாங்கிவந்து தட்டில் போட்டு வைப்பேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு வாய் வைத்துவிட்டுத் தள்ளிவிடுவார். எங்கள் வீட்டு வழக்கம், ஆம்பிளை சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் பெண் அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுவது. முப்பது வருடம் அப்படித்தான் இருந்தேன். அவர் சாப்பிடாவிட்டால் நானும் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். கடையில் உட்கார்ந்து சாப்பிடுவது என்பது அதுவரை என் வாழ்நாளில் இல்லை. என் கை ஆக்கியதைத் தவிர வேறு எதையும் நான் பெரிதாக மதித்ததும் இல்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு, இப்போதும் உண்டு.

அடுத்த திங்கள் நிறுத்தார்கள். நாற்பத்தொன்று.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்து அவர் சொன்னார், “ஊருக்குப் போவம் புள்ள. சாகிறதெண்டா என்ட வட்டையப் பாத்துக்கிட்டுச் சாவன்.” படுவான்கரையில் எங்களுக்கு நாலு ஏக்கர் வயல் இருந்தது. அந்த வட்டையில்தான் அவருடைய மனம் எப்போதும் நிற்கும்.

லொட்ஜுக்குப் பின்னால் கடலோரமாக ரயில் ஓடும் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். வாயில் வந்ததைச் சொன்னேன். “ஒரு நாள் பொறுங்க. அந்த ரெயில்ல ஒருக்கா ஏறிப் பாப்பம். மறுகா போவம்.”

“எங்க போற?”

“அது போற இடத்துக்கு.”

மறுநாள் ஏறினோம். கடலுக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் கல் மட்டும்தான். அலை அடித்தால் ஜன்னலில் தெறிக்கிறது. ஆட்கள் கதவில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். கூடைக்காரன் ஒருவன் வடை விற்றுக்கொண்டு வந்தான், ஒவ்வொரு வடையிலும் ஒரு இறால், தலையோடு. நாங்கள் வாவி இறாலைச் சட்டி நிறையப் போட்டுக் கறி வைக்கிறவர்கள். ஒற்றை இறாலை இப்படி மகுடம் போல வைத்து விற்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஆனால் ஊர் என்ற பேச்சை எடுக்கவில்லை.

தெஹிவளையில் மழை பிடித்துக்கொண்டது. இறங்கி, ஸ்டேசனுக்கு எதிரே இருந்த ஒரு சோனக முஸ்லிம் காக்காவின் தேத்தண்ணிக் கடைக்குள் ஓடினோம். தேத்தண்ணி கேட்டோம். கடைக்காரர் தேத்தண்ணியோடு ஒரு பெரிய தட்டையும் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தார். இரண்டு ரோல்ஸ், இரண்டு பற்றிஸ், இரண்டு கட்லட், இரண்டு மீன் பணிஸ். எட்டு.

“நாம கேக்கல்லயே” என்று இவர் காதில் சொன்னேன்.

“எனக்கு வேணாம்” என்று இவர் தட்டை என் பக்கம் தள்ளினார்.

கடைக்காரர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். நம் வீட்டுக்கு ஒருவர் வந்து, நாம் வைத்ததைத் தொடாமல் எழும்பினால் நம் மனம் என்ன பாடுபடும்? அந்நிய ஊரில், மழைக்கு ஒதுங்க இடம் கொடுத்த மனிசனை அப்படிச் செய்யலாமா? புருசனுக்கு முன்னால் சாப்பிடுவதா, வைத்ததை அவமதிப்பதா என்று யோசித்தேன். ஒரு ரோல்ஸை எடுத்துக் கடித்தேன்.

உள்ளே மீனும் உருளைக்கிழங்கும் மிளகும். மேலே மொறுமொறுவென்று ஒரு தோல். நான் இருபத்தைந்து விதமாக மீன் சமைப்பேன், இந்த விதம் எனக்குத் தெரியாது. இரண்டாவதையும் எடுத்தேன். பற்றிஸைப் பிரித்துப் பார்த்துத் தின்றேன். பிறகு கட்லட். ஐந்தாவதோடு வயிறு நிறைந்துவிட்டது. ஆனாலும் மிச்சம் வைக்கக் கூடாதே என்று கண்ணை மூடிக்கொண்டு ஆறாவதை விழுங்கினேன். ஏழாவது ஒரு பணிஸ். அது தொண்டையில் நின்றது, தேத்தண்ணி ஊற்றித்தான் இறக்கினேன். எட்டாவதில் கை வைக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. இவர் சிரிக்கிறார். தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். நாலைந்து மாதமாக நான் கேட்காத சிரிப்பு.

“என்ன?”

“அது தின்னுறதுக்குத்தான் காசு. தின்னாததை அவர் திருப்பி எடுப்பார். எல்லாக் கடையிலயும் அப்படித்தான்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல்ல?”

“நீ தின்னுறதப் பாத்துக்கிட்டு இருந்தன். முப்பது வருசத்தில இண்டைக்குத்தான் காணுறன்.” தட்டை இழுத்தார். “அந்த ஒண்ட எனக்கு வை. எல்லாத்தையும் நீயே முடிச்சிருவ போல.”

எட்டாவது பணிஸை முழுக்கச் சாப்பிட்டார். விரலில் ஒட்டியதையும் நக்கினார். கடைக்காரர் தட்டை எடுக்க வந்து, வெறும் தட்டைப் பார்த்துவிட்டு, எங்கள் பேச்சில் ஊரைப் பிடித்து, “மட்டக்களப்புப் பக்கம் பஞ்சமா தாயே?” என்று கேட்டார்.

“பஞ்சமில்ல காக்கா. இவவுக்கு முப்பது வருசப் பசி” என்றார் இவர்.

அன்று ரயிலில் திரும்பும்போது அவர் ஒரு நிபந்தனை போட்டார். “நீ முன்னால இருந்து தின்டா நானும் தின்னுறன். நிண்டு பாத்தா தின்னமாட்டன்.”

சரி என்றேன். ஏன் சொல்லமாட்டேன்? எனக்கும் ஆசை பிடித்துவிட்டது. இரவில் படுத்தால் நாளைக்கு எந்த ஸ்டேசன் என்ற நினைப்புத்தான். லொட்ஜில் எங்களைப் போல வந்து கிடந்தவர்கள் வெளியே போகப் பயந்து அறைக்குள்ளேயே இருந்தார்கள். நானும் பயந்தவள்தான், ஆனால் பயத்தை விட நாற்பத்தாறு பெரிதாக இருந்தது.

கல்கிசையில் ஒரு பறங்கி அம்மா வீட்டு முற்றத்தில் சோறு விற்றா. வாழையிலையில் சோறும் கறியும் கத்தரிக்காயும் ஒரு மீன் உருண்டையும் வைத்துக் கட்டி, கட்டோடு போறணை அடுப்பில் சுட்டெடுத்த சோறு. எங்கள் மட்டக்களப்பிலும் போர்த்துக்கேயர் வழி வந்த பறங்கியர் இருக்கிறார்கள், கதவு நிலை செய்ய அவர்களைத்தான் கூப்பிடுவோம். ஆனால் அவர்கள் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லையே என்று அங்கே உட்கார்ந்துதான் யோசித்தேன். கட்டை அவிழ்த்ததும் வந்த வாசத்தில் இவர் எனக்கு முன்னே கையை வைத்துவிட்டார். “நிபந்தனை” என்றேன். கையை எடுத்துக்கொண்டு, நான் ஒரு வாய் வைக்கும்வரை பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மற்றத் திசையில் போனால் கொம்பனித்தெரு. அங்கே ஒரு மலாய்க்காரியின் கடை. சட்டியில் என்னவோ கொதித்தது, வாசம் தெருவரை வந்தது. கையைக் காட்டினேன். அவ என் நெற்றியைப் பார்த்தா. “இது ஒங்களுக்கு வேணாம் அக்கா, மாட்டுக்குடல்” என்று தமிழில் சொல்லி மூடிவிட்டு, மீனும் சோறும் தந்தா. கூடவே ஒரு அச்சாறு. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், அதோடு பேரீச்சம்பழம். பேரீச்சம்பழத்தை வினாகிரியில் போடுவார்களா என்று அதிசயப்பட்டேன். இனித்து, உறைத்து, புளித்து, மூன்றும் ஒன்றாக வந்தது. இவர் அந்த அச்சாறுக்காக இரண்டாம் தரம் சோறு கேட்டார். ஒரு போத்தலும் வாங்கினோம்.

திங்கட்கிழமை நாற்பத்திரண்டரை. அடுத்த திங்கள் நாற்பத்துநாலு. நான் தராசு முள்ளைத்தான் பார்ப்பேன், வேறு எதையும் பார்க்கமாட்டேன்.

மொறட்டுவையில்தான் எங்கள் துணிவு ஆட்டம் கண்டது. ஸ்டேசனில் இரண்டு ஆமிக்காரர் மறித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்ததும் ஒருவன் “மடக்களப்புவ” என்று மற்றவனிடம் சொன்னான். இவர் கழுத்துக் கட்டியைத் தொட்டுப் பார்த்தான். எதற்கு இங்கே வந்தீர்கள் என்று கேட்கிறான், அது விளங்குகிறது. இவருக்கு நெல் ஏற்ற வரும் லொறிக்காரரிடம் பழகிய சிங்களம் கொஞ்சம் உண்டு, ஆனால் நாக்கு எழும்பவில்லை. கடைகளில் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரே ஒரு சொல்தான் வாயில் இருந்தது. “கன்ன” என்றேன். சாப்பிட என்று அர்த்தம்.

“கன்ன?” அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டு அட்டையைத் தந்து, தெருமுனையில் இருந்த ஒரு வீட்டைக் கையால் காட்டினான்.

அந்த வீட்டில் ஒரு சிங்கள அம்மா சோறு போட்டா. இளம் பலாக்காய்க் கறி கறுத்துக் கிடந்தது. மீன் துண்டுகளில் குழம்பே இல்லை, கொறுக்காய்ப் புளியில் வற்றவைத்திருந்தா. இவர் தட்டைத் தள்ளினார். “போவம் புள்ள, இண்டைக்கு என்னால ஏலாது” என்றார். அந்தக் கிழமை போனால் இன்னும் இரண்டு திங்கள்தான். எனக்கும் பயம்தான். அந்தப் பயத்தோடேயே பிசைந்து வாயில் வைத்தேன். வைத்ததும் அம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினேன், பொய்யாக அல்ல, அந்த மீன் அவ்வளவு நல்லது. எழும்பி அடுப்படிக்குள் போய்ச் சட்டியைக் காட்டி, எப்படி என்று கையாலேயே கேட்டேன். அவவும் கையாலேயே சொன்னா. திரும்பி வந்தால் இவர் தட்டில் பாதி இல்லை.

“நீ பயத்திலயும் திங்கிறவள்” என்றார் வாயில் சோற்றோடு.

ஆனாலும் அந்தக் கிழமை முள் அசையவில்லை. நாற்பத்துநாலு, அப்படியே. அடுத்த திங்கள் நாற்பத்தைந்து. கடைசித் திங்கள் ஏறி நின்றார். நாற்பத்தாறு. எனக்கு அழுகை வந்துவிட்டது. தாதி மட்டும் சாரத்து மடிப்பைப் பார்த்து, “ஐயா, இடுப்பில என்ன?” என்று கேட்டாள்.

வெளியே எடுத்தார். மலாய்க்காரியின் அச்சாறு போத்தல்.

முள் நாற்பத்தைந்தரையில் வந்து நின்றது. டாக்டர் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். “என்ன சாப்பிட்டு இவ்வளவு ஏத்தினீங்க எண்டு கேக்கிறார்” என்றாள் தாதி. இவர் கறியின் பெயரைச் சொல்லவில்லை. “தெஹிவளை, கல்கிசை, கொம்பனித்தெரு, மொறட்டுவை” என்று ஸ்டேசன் ஸ்டேசனாகச் சொன்னார். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. டாக்டர் சிரித்துவிட்டு, வியாழக்கிழமை என்று எழுதினார். அரைக் கிலோவை வார்டில் படுத்துக்கொண்டு ஏற்றட்டுமாம்.

கட்டியை எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. கண் விழித்த மறுநாள் கஞ்சி கொண்டுபோனேன். கழுத்துக் கட்டோடு தலையை அசைத்து, முதலில் நீ என்று கண்ணால் காட்டினார். ஒரு கரண்டி குடித்தேன். பிறகுதான் வாயைத் திறந்தார்.

ஊருக்கு வந்த முதல் நாள் இரண்டு தட்டை ஒன்றாக வைத்து, அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். இவரோடு கூடப்பிறந்த மச்சாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “கொழும்புக்குப் போய் வந்தவவுக்கு மரியாத மறந்து போச்சு” என்றா.

“மறக்கல்ல மச்சாள். டாக்டர் எழுதித் தந்த மருந்து” என்றேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றுக்குள் சிரித்தார்.

அதற்குப் பிறகு பதினாறு வருடம் இருந்தார். ஒரு நாளும் நான் அவருக்குப் பின்னால் சாப்பிட்டதில்லை. அந்த மீனை இப்போதும் கொறுக்காய்ப் புளியில் வற்றவைக்கிறேன், மொறட்டுவை அம்மாவுடையதற்குக் கிட்ட வரும்.

மனே, என் பேரா, என் கண்ணாடி மங்கிப் போயிற்று. நீ ஒருக்கா முதலிலிருந்து சத்தமாக வாசி. தெஹிவளைக் கடை வரும் இடத்தில் மட்டும் மெதுவாகப் போ. ஏழு என்றுதானே எழுதியிருக்கிறேன்? உன் தாத்தா சாகும்வரை ஊரெல்லாம் பன்னிரண்டு என்று சொல்லித் திரிந்தார்.