கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்த காலைகள்

போன வருடம் ஒக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் மகன் ஜெரோம் ஹெந்தளைப் பக்கம் மழையில் மோட்டார் சைக்கிளோடு விழுந்தான். தலையில் ஹெல்மெட் இருந்தது. நாடிக்குக் கீழே அதன் வாரைப் பூட்டியிருக்கவில்லை. ஹெல்மெட் ஒரு பக்கம் உருண்டு போனது. தலை தார் ரோட்டில் அடிபட்டது.

எனக்கு அவன் ஒரே பிள்ளை. அவனுடைய அப்பா உயிரோடு இல்லை. கிளினிக்குகளில் எடுக்கும் இரத்த மாதிரிகளைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோவது அவனது வேலை. நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று எப்போதும் பறப்பான். நான் எத்தனையோ தரம் சொன்னேன். கேட்கவில்லை.

இரண்டு நாள் அவன் கண் திறக்கவில்லை. ஆஸ்பத்திரி வோர்ட் வாசலில் வாங்கில் உட்கார்ந்திருந்தேன். ஜெபிக்க வார்த்தை வரவில்லை. "ஆண்டவரே, பிள்ளையத் தாருங்க" என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் காலை அவன் கண் விழித்து, "அம்மா, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டான். நான் தரையிலேயே முழங்காலில் நின்றுவிட்டேன்.

சபையில் நான் சொல்லும் சாட்சி அதோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை.

ஜனவரியில் அவன் திரும்பவும் பைக்கை எடுக்கப் போகிறேன் என்றான். டொக்டரும் சரி என்றுவிட்டார். அந்த பைக் ஸ்டார்ட் ஆகக்கூடாது என்று ஒரு கிழமை முழுக்க ஜெபித்தேன். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. ஆண்டவரோடு எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

ஆனால் அந்தக் கோபத்தோடு ஜெபித்துக்கொண்டிருந்தபோதுதான் மனதில் ஒரு எண்ணம் வந்தது. மறுநாளே எனக்கென்று ஒரு ஹெல்மெட் வாங்கினேன். நான் வெள்ளவத்தையில் சின்னப் பிள்ளைகளின் மொண்டிசூரி ஒன்றில் படிப்பிக்கிறேன். அதுவரை கொட்டாஞ்சேனை வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில்தான் போவேன்.

"இனி நானும் உன்னோடதான் வருவன்" என்றேன்.

"பைக்கிலயா? நீங்களா?" அவன் சிரித்துவிட்டான்.

ஐம்பத்திரண்டு வயதில் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். அவன் இடுப்பை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, சத்தமாக ஜெபித்தேன். சந்திக்குச் சந்தி ஜெபம். மூன்றாம் நாள் அவன் சிக்னலில் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, கண்ண மூடிட்டு ஜெபிக்காதீங்க. முழிச்சுப் பார்த்து ஜெபிங்க. பஸ் வந்தா எனக்கும் சொல்லலாம்தானே."

அன்றிலிருந்து கண்ணைத் திறந்து ஜெபித்தேன். அம்மா பின்னால் இருக்கிறாள் என்று அவனும் மெதுவாக பைக் ஓடத் தொடங்கினான். முன்னால் போகும் வாகனத்துக்கு இடம் விட்டான். ஏறுவதற்கு முன் என் வாரைப் பூட்டிவிட்டுத் தன்னுடையதையும் பூட்டினான். நான் இல்லாத நேரத்திலும் அப்படித்தான் ஓடுகிறான் என்று அவனோடு வேலை செய்கிறவர்கள் சொன்னபோது, அந்த இடத்திலேயே ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

மார்ச் மாதம் ஒரு காலை, வெள்ளவத்தை காலி வீதியில், எங்களை முந்திய பஸ் ஒன்று ஆளேற்ற இடது பக்கம் வெட்டியது.

"இயேசப்பா, பஸ்!" என்று கத்தினேன். ஜெபமும் அதுதான், எச்சரிக்கையும் அதுதான்.

ஜெரோம் ஏற்கனவே வேகத்தைக் குறைத்திருந்தான். இரண்டு பிரேக்கையும் சேர்த்து, பதறாமல் பிடித்தான். பைக் நேராக நின்றது. பஸ் எங்களுக்கு ஒரு முழம் முன்னால் போனது. பின்னாலிருந்து எங்களைத் தாண்டி வேகமாக வந்த இன்னொரு பைக்காரர் பஸ்ஸில் மோதி விழுந்தார்.

மகன் என்னை நடைபாதையில் விட்டுவிட்டு ஓடினான். வாகனங்களை மறித்தான். சனம் கூடி விழுந்தவரைத் தூக்கப் பார்த்தது. ஒருவர் ஹெல்மெட்டில் கை வைத்தார்.

"தூக்க வேணாம்! ஹெல்மெட்டக் கழட்ட வேணாம்! மூச்சு நல்லா வருது, அம்புலன்ஸ் வரட்டும்!"

சிங்களத்திலும் தமிழிலும் மாறி மாறிச் சொன்னான். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டதாம். அம்புலன்ஸ் வரும்வரை அந்த மனிதரின் கையை விடவில்லை. அவர் பிழைத்துக்கொண்டார். இரண்டு மாதத்தில் மனைவியோடு எங்கள் வீட்டுக்கு நடந்தே படியேறி வந்தார்.

அன்று ரோட்டில் நின்ற பொலிஸ்காரர், இவர் உங்கள் மகனா என்று சிங்களத்தில் என்னிடம் கேட்டார். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். ஆனால் வாயில் தமிழ்தான் வந்தது.

"ஓம்! என்ட மகன்தான்!"

காலி வீதி முழுக்கக் கேட்டிருக்கும்.

அன்பானவர்களே, நான் மகனிடமிருந்து பைக்கை எடுத்துவிடும்படி ஆண்டவரிடம் கேட்டேன். ஆண்டவர் பைக்கை விட்டுவிட்டு என் மகனை மாற்றினார். என்னையும் மாற்றினார். உங்கள் பிள்ளைகளும் ரோட்டில் போகிறார்கள். வாசலில் நின்று பயந்துகொண்டிருக்காதீர்கள். அவர்களை ஆண்டவரிடம் ஒப்புக்கொடுங்கள்; வாரையும் பூட்டச் சொல்லுங்கள். நம்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

பெருமை கூடாது என்று வேதம் சொல்கிறது. தெரியும். ஆனால் இந்த ஒரு பெருமையை ஆண்டவர் பொறுத்துக்கொள்வார். அவருக்கும் ஒரே மகன்தானே.