பைப்புக்குள் போன கேமரா: விருத்தாசலத்தில் ஏழாவது மீட்டரில் பார்த்தது

கோயில், மலை, அருவி என்றுதான் இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியிருக்கிறேன். இந்த முறை ரயில் ஏறியது ஒரு சாக்கடைக் குழாயைப் பார்க்க. சிரிக்காதீர்கள். சொந்த ஊரில் பழைய வீடு, மாடியில் குடித்தனம், மாதம் ஒரு அடைப்பு என்று மாட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு இது உதவும். எனக்கு உதவவில்லை. நான் ஐந்து மாதம் தாமதமாகப் போனேன்.

விருத்தாசலத்தில் இருப்பது என் செல்வி அக்காவின் வீடு. கீழே அக்காவும் மாமாவும். பின்பக்கம் மாமாவின் செராமிக் பொம்மைப் பட்டறை. மாடியில் ஆரோக்கியமேரி என்பவரும், ஒன்பதாவது படிக்கும் அவர் மகள் ஜெனிபரும் நான்கு வருடம் குடியிருந்தார்கள். மேரிக்கு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை, கணவர் திருப்பூரில். போன வருடம் அக்காவின் கழிவறையில் மூன்று முறை தண்ணீர் எதிர்த்துக்கொண்டு வந்தது. மூன்றாவது முறை பிளம்பர் கம்பி விட்டு இழுத்ததில், கறுப்பாக ஒரு துணி வந்து விழுந்தது. அக்கா அதைக் குச்சியில் தூக்கி வந்து வாசலில் போட்டு, மாடியைப் பார்த்துக் கத்தியிருக்கிறாள். வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு தீட்டுத் துணியைக் கழிவறையிலா போடுவது என்று. தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

அந்த நேரத்தில் நான் போனில் இருந்தேன், ஸ்பீக்கரில். "இவங்கள ஒரு நாளு கூட வெச்சிக்காத, காலி பண்ணச் சொல்லு" என்று தாம்பரத்தில் சோபாவில் சாய்ந்தபடி தீர்ப்புச் சொன்னேன். மாதக் கடைசியில் அவர்கள் காலி செய்தார்கள். துணிக் கதை பரவிவிட்டதால் டவுனில் யாரும் வீடு தரவில்லை, பெண்ணாடத்துக்குப் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது, தொலைந்தது என்றுதான் அன்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் நினைத்தேன்.

போன மாதம் அக்கா மறுபடி கூப்பிட்டாள். "தண்ணி திரும்ப எதிர்க்குது டா." மாடி ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. பூட்டிய வீட்டிலிருந்து யார் துணி போடுவார்கள்? அன்றைக்கே விசாரித்து, பூமிக்கடியில் இருக்கிற பைப்புக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் ஒருவரைக் கடலூரில் பிடித்தேன்.

சனிக்கிழமை காலை 10.50க்குத் தாம்பரத்தில் ரயில். இரண்டாம் வகுப்பு இருக்கை 105 ரூபாய். விழுப்புரம் வரை நெரிசல், பிறகு ஜன்னலோரம் கிடைத்தது. மதியம் 1.15க்கு விருத்தாசலம் ஜங்ஷன். ஆட்டோ 80 ரூபாய். பேரம் பேசினால் எழுபதுக்கு வருவார்கள், நான் பேசும் மனநிலையில் இல்லை.

கேமராக்காரர் செந்தில்வேலுக்கு ஐம்பது வயது இருக்கும். அறுபது கிலோமீட்டர் பைக்கில் வந்து 2.30க்கு இறங்கினார். பெரிய சக்கரத்தில் சுற்றிய முப்பது மீட்டர் கேபிள், நுனியில் கட்டைவிரல் பருமனில் கேமரா, அதைச் சுற்றிக் குட்டி விளக்குகள், கையில் ஒரு திரை. எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்பது திரையின் மூலையில் ஓடும்.

"முதல்ல தண்ணி அடிச்சுக் கழுவணும் சார். சேத்துக்குள்ள கேமராவ வுட்டா வெறும் கறுப்புதான் தெரியும்" என்று அரை மணி நேரம் கழுவினார். வீட்டுக்கு முன்னால், எல்லாக் குழாயும் வந்து சேரும் சேம்பர் தொட்டியின் மூடியைத் திறந்து, முதலில் மாடியிலிருந்து வரும் குழாயில் விட்டார். பழைய பீங்கான் குழாய். ஒன்பது மீட்டர் வரை போனது. ஒரு நூல் கூட இல்லை.

"மாடி லைனு சுத்தமா இருக்குது சார். கழுவி வெச்ச தட்டு மாதிரி."

அடுத்தது அக்காவின் கழிவறையும் பின்பக்க பாத்ரூமும் சேர்ந்து வரும் குழாய். ஐந்து மீட்டரில் சுவர் வெளுக்க ஆரம்பித்தது. ஏழு மீட்டரில் பாதிக் குழாய் அடைத்துக் கிடந்தது. வெள்ளை வெளேரென்று கல். ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்து, தோசை அடுக்கின மாதிரி.

"இன்னாது சார் இது, சுண்ணாம்பா?" என்று கேட்டார் செந்தில்வேல்.

மாமாவுக்குத் தெரியும். முப்பது வருடமாக அச்சு ஊற்றுகிறவர். பொம்மை அச்சுக்கு பிளாஸ்டர் மாவு கலக்கிய வாளியைத் தண்ணீர் போகும் வழியில் கழுவக் கூடாது என்பது இந்த ஊரில் பட்டறை வைத்திருக்கும் எல்லோருக்கும் பாலபாடம். மிச்சத்தை வாளியிலேயே இறுக விட்டு, தட்டிக் கொட்டிவிடுவார்கள். வாளியைக் கழுவத் தனியாக ஒரு குழி இருக்கும். மாமா வீட்டிலும் இருந்தது. மூன்று வருடத்துக்கு முன் அந்தக் குழியை மூடி, மேலே ஸ்கூட்டர் நிறுத்த ஷெட் போட்டார். அதற்குப் பிறகு எல்லா வாளியும் பின்பக்க பாத்ரூமில்தான். பிளாஸ்டர் தண்ணீருக்குள்ளேயே இறுகும். அதைத் தெரிந்த மனிதர், தெரிந்தே செய்தார்.

"கேமரா லைட்டு பட்டா எல்லாமே வெள்ளையாதான் தெரியும்" என்றாள் அக்கா. செந்தில்வேல் பாவம், கேபிளை இன்னும் ஒரு சாண் தள்ளினார்.

அங்கே ஒரு துணி. பாதி கல்லுக்குள், பாதி வெளியே. தண்ணீர் அடித்துக் கழுவியதில் நிறம் தெரிந்தது. பச்சைக் கட்டம். களிமண் கூழை வடிகட்ட அக்கா கிழித்துக் கொடுக்கும் மாமாவின் பழைய லுங்கி, வாளி கழுவும்போது கூடவே உள்ளே போயிருக்கிறது. அன்று தெருவில் போட்ட துணியும் இதே லுங்கியின் இன்னொரு துண்டுதான். ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அலசியிருந்தால் அன்றைக்கே கட்டம் தெரிந்திருக்கும். யாருக்கும் அதைத் தொட மனமில்லை. இன்னொருத்தியின் தீட்டு என்று நம்புவது அவ்வளவு சுலபமாக இருந்தது. மாமா எழுந்து பட்டறைக்குள் போய்விட்டார்.

செந்தில்வேல் கிளம்பியதும் அக்கா என் கையைப் பிடித்தாள். "இத தெருவுல யாருகிட்டயும் காட்டினு இருக்காத டா. அவங்க போயிட்டாங்க, முடிஞ்சு போச்சு. நாம இங்க குடித்தனம் பண்ண வேணாமா?"

"மேரிகிட்டயாவது நீ சொல்லணும்க்கா."

"நான் எதுக்குப் போயி கால்ல வுழணும்? பிளம்பரு சொன்னான், நான் சொன்னேன்."

பிளம்பர் துணி என்றுதான் சொன்னான். மற்றதெல்லாம் நாங்கள் சொன்னது. அன்று இரவு அக்கா வீட்டில்தான் படுத்தேன்.

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை, அதனால் உபயோகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமரா பார்க்கப் பயணச் செலவோடு 4,500 ரூபாய் ஆனது. கழுவாமல் கேமரா விடுகிறேன் என்பவரைக் கூப்பிடாதீர்கள். மீட்டர் எண் தெரியும்படி வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். கேமரா நிற்கும் இடத்தைத் தரைக்கு மேலே கருவி வைத்துக் குறித்துக் கொடுப்பார்கள், அக்கா வீட்டில் ஆறடி நீளம்தான் தோண்ட வேண்டியிருந்தது. இறுகிய பிளாஸ்டர் தண்ணீர் அடித்தால் போகாது, அந்தத் துண்டையே வெட்டி மாற்ற வேண்டும். எத்தனை குழாய் சேம்பரில் வந்து சேர்கிறதோ அத்தனையையும் பாருங்கள், உங்களுடையதை முதலில். குடியிருப்பவரையும் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள்.

ஞாயிறு காலை 9.20க்குப் பெண்ணாடம் பஸ். பதினெட்டு கிலோமீட்டர், 22 ரூபாய். கரும்பு டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேர ஐம்பது நிமிடம். ஜவுளிக்கடையில் விசாரித்து வாங்கிய முகவரி. ஒரு வீட்டின் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. மேரி அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். இங்கிருந்துதான் தினமும் விருத்தாசலம் கடைக்குப் போய் வருகிறாராம்.

"என்னா சார், இவ்ளோ தூரம்?" என்றார். உள்ளே கூப்பிடவில்லை.

நான் போனை நீட்டினேன். மாடிக் குழாய், வெள்ளைக் கல், பச்சைக் கட்டம் எல்லாவற்றையும் காட்டி விளக்கினேன். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்க துணி இல்லன்னு எங்களுக்கு அன்னிக்கே தெரியுமே சார். உங்களுக்குத்தான் கேமரா வேண்டியிருந்துது."

மன்னிப்புக் கேட்டேன். கேட்ட வார்த்தை எனக்கே மட்டமாக இருந்தது. ஜெனிபரிடமும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், கூப்பிடுங்கள் என்றேன்.

"அவ இல்ல. ஸ்ரீமுஷ்ணத்துல என் தங்கச்சி வூட்ல இருக்கா. மாசத்துல மூணு நாளு அங்கதான். ரெண்டு பஸ்ஸு மாறிப் போவா. இங்க பாத்ரூமு ஓனரோட சேந்தது சார். எதனா அடைச்சிக்கிச்சுன்னா நம்மளதான் சொல்லுவாங்கன்னு போயிடுறா. ஸ்கூலுக்கும் லீவு. போவாதடின்னு எவ்ளோவோ சொல்லிட்டேன்."

நான் என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம் சார். உங்க அக்கா தெருவுல நின்னு சத்தமா சொன்னாங்க. அதே எடத்துல நின்னு, அதே சத்தத்துல, எங்களுது இல்லன்னு சொல்லச் சொல்லுங்க. எம்பொண்ணு வந்து கேட்டுக்குவா."

சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அக்காவிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அக்கா என் போனை எடுப்பதில்லை. குழாய் மாற்றியாகிவிட்டது, தண்ணீர் ஒழுங்காகப் போகிறதாம், மாடிக்கும் புதுக் குடித்தனம் வந்துவிட்டதாம். ஜெனிபர் இந்த மாதமும் ஸ்ரீமுஷ்ணத்துக்கு பஸ் ஏறியிருப்பாள்.