நூற்றுக்கு நூற்றியாறு

சங்கரன்கோவில் சாயப்பட்டறையில் பரமசிவனுக்கு வேலை, வந்திறங்கும் காஸ்டிக் சோடா எவ்வளவு சுத்தம் என்று அளந்து சொல்வது. அதற்கு அளவுகோலாக மதராசிலிருந்து ஒரு புட்டி சோடா உப்பு வந்திருந்தது. அதோடு ஒப்பிட்டுத்தான் காஸ்டிக் சோடாவின் காரத்தைக் கணக்கிடுவார். லேபிளில் ‘99.9 சதவீதம்’. அந்த லேபிளைச் சாமி படம் போல நம்பினார். கல்லூரியைப் பாதியில் விட்ட மனிதருக்கு அவ்வளவு பக்தி!

பக்திதான் வினையாயிற்று. 1954 ஆயுத பூஜையன்று தராசுக்குச் சந்தனம் வைத்தார், புட்டிக்கும் வைத்து, மேலே தீர்த்தமும் தெளித்தார். வெளியே மட்டும் தெளித்தால் போதுமா என்று மூடியைத் திறந்து உள்ளேயும் தீர்த்தம் தெளித்தார். மறுநாள் உப்பு கட்டிதட்டியிருந்தது. கரண்டியால் உடைத்துக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார்.

அந்த வாரமே நூலில் சாயம் திட்டுத் திட்டாக ஏறியது. காரம் குறைந்தால் அப்படி ஆகும். ஆனால் காரம் ஜோர் என்று பரமசிவன் அளந்து சொல்லியிருந்தாரே! பழி சாயக்காரர் வீரபாண்டி தலையில் விழுந்தது. இருபது வருடம் தொட்டியில் கை நனைத்தவர். “நாளையில இருந்து நீரு வர வேண்டாம் வே” என்றுவிட்டார் முதலாளி சங்கரசுப்பு.

அன்றைக்கே புது டிரம் திறந்தார்கள். பரமசிவன் அளந்தார். நூற்றுக்கு நூற்றியாறு!

“பலே! நூறையும் தாண்டிட்டா?” என்று முதலாளி பூரித்தார்.

“எப்படித் தாண்டும் முதலாளி? ஒரு படிப் பாலுக்குள்ள ஒரு படிக்கு மேல பால் இருக்குமா?” என்றார் பரமசிவன்.

பரமசிவனுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அப்படியானால் அளவுகோலில்தான் தப்பு! புட்டி உப்பில் பத்து கிராம் நிறுத்து, இரும்புச் சட்டியில் போட்டு நன்றாக வறுத்தார். ஆறவிட்டுத் திரும்ப நிறுத்தார். ஒன்பது கிராம் சொச்சம்தான்! போனதெல்லாம் தண்ணீர். தண்ணீரையும் உப்பென்று எடைபோட்டதால்தான் அளவுகோல் இளைத்து, அதோடு ஒப்பிட்ட காரம் கூடுதலாகத் தெரிந்திருக்கிறது. அதை நம்பி வீரபாண்டி காரத்தைக் குறைத்துப் போட்டிருக்கிறார். வறுத்த உப்பை வைத்து அதே டிரம்மை மறுபடி அளந்தார். தொண்ணூற்றேழு! துள்ளிக் குதித்தார்.

குதித்த பிறகுதான் மூடியைத் திறந்தது யார் என்பது உறைத்தது.

ஓடினார். வாசலைத் தாண்டப்போன வீரபாண்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலாளி முன்னால் வந்து நின்றார்.

“இவர் மேல தப்பில்ல முதலாளி. புட்டிக்குள்ள தீர்த்தம் தெளிச்சது நாந்தான். போகச் சொல்லணும்னா என்னியச் சொல்லுங்க.”

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “யாரும் போக வேண்டாம். நூலைத் திரும்பத் தொட்டியில போடுங்க” என்று எழுந்து போய்விட்டார்.

வீரபாண்டி நகரவில்லை. நீலம் ஏறிய தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒரு வாரமா என் கைதான் போயிட்டுன்னு நானே நம்பிட்டேன் வே” என்றார்.