ஆயில் மூடிக்குள் தயிர்

டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. எட்டாம் வகுப்பு, மார்கழி மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். காலையில் அம்மா ஆவி பறக்க வைத்து மூடிய இட்லி ஆறிக் கிடந்தது. மூடியின் உள்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். அதை யாரும் ஊற்றவில்லை. உள்ளே சூடு, வெளியே குளிர், நடுவில் ஒரு மூடி. தண்ணீர் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

"எங்க அம்மா மேல தப்பே இல்லடி," என்றேன் பக்கத்தில் இருந்தவளிடம்.

"இட்லி நல்லாதான் இருக்குது. யாரு இன்னா சொன்னா?" என்றாள் அவள், என்னுடையதில் ஒன்றை எடுத்துக்கொண்டே.

சொன்னது எங்கள் வீடே. அதுவும் இட்லியைப் பற்றி அல்ல, காரைப் பற்றி.

அப்பா ஆரணியில் பட்டு நூல் முறுக்கும் பட்டறை வைத்திருக்கிறார். எங்களிடம் பழைய பெட்ரோல் கார் ஒன்று உண்டு. அது நிற்பது அந்தப் பட்டறைக்குள்ளேயே, மெஷின்களுக்குப் பக்கத்தில். அதை வாங்கியது ஊருக்குக் காட்டத்தான் என்பேன். எங்கேயும் போனதாக நினைவில்லை. அம்மா மட்டும் அதை நிஜமான காராக நினைத்தாள். டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், லைசென்ஸ் வாங்கி, கடைத்தெரு வரை ஓட்டிப் பழகினாள். அவளுக்கு ஒரே ஆசைதான் இருந்தது. கலசப்பாக்கத்தில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கு, யாருக்கு எப்போது ஒழியும் என்று காத்திருக்காமல், தானே ஓட்டிக்கொண்டு போய் வர வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் வண்டியில் ஆயில் நாற்றம் வருகிறது என்று அப்பா மெக்கானிக்கை வரவழைத்திருந்தார். மெக்கானிக் இன்ஜின் மேலிருந்த ஆயில் மூடியைத் திருகி எடுத்துத் திருப்பிக் காட்டினார். உள்ளே வெள்ளையாக, கொழகொழவென்று, கெட்டித் தயிர் மாதிரி அப்பியிருந்தது. விரலால் வழித்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார்.

"ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் சார். ரேடியேட்டர் தண்ணி ஆயில்ல கலந்துகினு இருக்குது. இன்ஜின ஓவர் ஹீட் பண்ணாதான் இப்புடி ஆவும். யாரு ஓட்டுறது?"

டீ டம்ளர்களோடு நின்றிருந்த அம்மாவை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். சித்தப்பா சிரித்துக்கொண்டே, "இன்னா அண்ணி, கியர் போடச் சொன்னா மத்து போட்டுக் கடைஞ்சிட்டீங்களா?" என்றார். அப்பா சிரிக்கவில்லை. கையை மட்டும் நீட்டினார். அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. பொங்கல் கழித்து இன்ஜினைப் பிரிப்பது என்று முடிவானது.

இட்லி மூடி சொன்னதைப் பிடித்துக்கொண்டு அன்று மாலையே அம்மாவின் போனில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன். விஷயம் எளிமையானது. பெட்ரோல் எரிந்தால் புகையோடு நீராவியும் வரும். அதில் கொஞ்சம் நழுவி ஆயில் இருக்கும் பக்கம் இறங்கிவிடும். அதை வெளியேற்ற இன்ஜினுக்கு ஒரு மூச்சுக் குழாய் வைத்திருக்கிறார்கள். இன்ஜின் நன்றாகச் சூடானால் ஆவி அதன் வழியாகப் போய்விடும். சூடாகும் முன்னாலேயே அணைத்தால், ஆவி மூடியிலும் குழாயிலும் தண்ணீராகி, ஆயிலோடு கலந்து தயிராகிவிடும். குழாய் அடைத்துக்கொண்டால் ஆயில் வேறு வழி பார்த்துக் கசியும், நாற்றம் அதுதான்.

அப்படியானால் இன்ஜினைச் சூடாக விடாமல் அணைத்தது யார்? அம்மா கடைத்தெருவுக்குப் போனது ஏதோ சில நாள். ஆனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலையில் மெஷினுக்குக் கற்பூரம் காட்டி ஒரு தடவை ஓடவிட வேண்டும். சத்தம் போடாத மெஷின் வீட்டுக்கு ஆகாது. அப்பா அந்த வரிசையில் காரையும் சேர்த்துவிட்டார். முறுக்கு மெஷினுக்குக் காட்டிய தட்டை அப்படியே காருக்கும் காட்டி, சாவியைத் திருகி, கற்பூரம் அணைந்ததும் இன்ஜினையும் அணைப்பார். மழையோ பனியோ, ஒரு நாள் தவறாது. போதாததற்கு, பட்டு இழை அறுந்துபோகாமல் இருக்க அந்தப் பட்டறைத் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரச் சாக்கும் விரித்திருப்பார்கள். நூலுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்த ஈரத்தில் காரும் நின்றது. அப்பா அதன்மேல் காட்டிய அக்கறைதான் அதைக் கெடுத்தது.

இதைச் சொன்னேன். மறுநாள் காலையில், தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே சொன்னேன். "சாமி காரியத்துல வாய வெக்காத," என்றார் அப்பா. சித்தப்பா, "டாக்டரு இங்கிலீஷ் வைத்தியம் சொல்றாங்கோ, கேட்டுக்குங்க," என்றார். அம்மா ஓட்டினால் குற்றம், அப்பா அணைத்தால் பக்தி. என்ன நியாயம் இது?

விடுவதாக இல்லை நான். ரேடியேட்டர் தண்ணீர் ஆயிலில் கலக்கிறது என்றால் தண்ணீர் குறைய வேண்டும் அல்லவா? ரேடியேட்டரோடு சேர்ந்த பிளாஸ்டிக் பாட்டிலில், தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு நேராக அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். பொங்கல் வரை தினமும் பார்த்தேன். தண்ணீர் பொட்டைவிட்டு இறங்கவில்லை. ஆயில் பார்க்கும் கம்பியை உருவித் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சுத்தமான ஆயில், வெள்ளை இல்லை. தயிர் மூடியில் மட்டும்தான்.

பொங்கல் கழிந்து மெக்கானிக் ஸ்பேனர் மூட்டையோடு வந்தபோது, பாட்டிலையும் கம்பியையும் காட்டினேன். அப்புறம் நானே ஸ்க்ரூ டிரைவரால் மூச்சுக் குழாயைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். அதைப் பிழிந்தார். பேஸ்ட் டியூபிலிருந்து வருவது மாதிரி வெள்ளையாக வந்தது. சற்று நேரம் தலையைச் சொறிந்தவர், "பாப்பா சொல்றதையும் பாத்துடலாம் சார். பைப்பக் கழுவி மாட்டிட்டு, ஆயில் மாத்தித் தரேன். ஒரு தடவ லாங் அடிச்சிகினு வாங்க. மறுபடி வந்தா அப்பப் பிரிப்போம்," என்றார்.

லாங் டிரைவ் என்றால் எங்கே? கலசப்பாக்கம் என்று கத்தினேன். அப்பா தலையாட்டினார். அம்மா உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்பா சாவியை எடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தார்.

அம்மா பின் கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். போளூர் வழியாகப் போய்த் திரும்பும் வரை சித்தப்பா ஓட்டினார், பேசினார், ஹாரன் அடித்தார். வீட்டுக்கு வந்ததும் ஆயில் மூடியைத் திறந்தோம். பளிச்சென்று இருந்தது. "நம்ம கை பட்டாவே வண்டி திருந்திடும்," என்றார் சித்தப்பா. அப்பா அவர் முதுகில் தட்டினார். பைப், பொட்டு, தண்ணீர் மட்டம், எதையும் யாரும் பேசவில்லை. அம்மாவிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாவி அப்பாவின் சட்டைப் பைக்குப் போய்விட்டது.

எனக்குக் கோபம் அம்மா மேல்தான் வந்தது. "கேளும்மா, சாவியக் கேளு," என்று சமையலறையில் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "வண்டி நல்லாயிடுச்சில்ல, விடு," என்றாள். தப்பில்லை என்று நிரூபித்தாகிவிட்டது, அப்புறம் ஏன் கேட்கக்கூடாது? எனக்குப் புரியவே இல்லை. காரணம் தெரிந்தால் தீர்ப்பு மாறிவிடும் என்று நம்பிய வயது அது. அவர்கள் இன்ஜினில் கோளாறு தேடவில்லை, அவள் கையிலிருந்து சாவியை வாங்க ஒரு சாக்கு தேடினார்கள், அது மூடிக்குள் கிடைத்தது என்பதெல்லாம் தெரியாது. அம்மாவுக்கு அது டீ டம்ளரைக் கீழே வைத்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது நான் வேலூரில் மெக்கானிக்கல் படிக்கிறேன். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது, எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் சொல்லிவிட்டேன்: வரும் ஞாயிற்றுக்கிழமை கலசப்பாக்கத்துக்கு அம்மாதான் ஓட்டப் போகிறாள், நான் பக்கத்து சீட்டில், வர விரும்புகிறவர்கள் பின்னால். சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பா ரசத்தை உறிஞ்சிவிட்டு, "மொதல்ல பட்டறையிலேருந்து ரிவர்ஸ் எடுக்கணுமே, சந்து சின்னது," என்றார்.

"எடுக்கிறேங்க," என்றாள் அம்மா, அவருக்குச் சோறு போட்டபடியே. "ஆனா பின்னாடி நின்னுகினு யாரும் கை காட்டக் கூடாது."