அக்காவின் அறுபதும் ஒரு பாலைவனக் குடாவும்

அக்காவுக்கு அறுபது வயது வரப்போகிறது என்று தெரிந்ததும் அத்தான் மார்க்கம் நகரத்தில் ஒரு மண்டபத்தைப் பேசி முடித்துவிட்டு வந்தார். அக்காவிடம் கேட்கவில்லை. பிறந்தநாள் அக்காவுடையது, விழா தன்னுடையது என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அத்தான் வீடு விற்கும் முகவர். ரொறொன்ரோவுக்குப் பக்கத்து அஜக்ஸில் பஸ்ஸுக்குக் காத்திருக்க நீங்கள் எந்த வாங்கில் உட்கார்ந்தாலும் அதில் ஒட்டிய விளம்பரத்தில் அவருடைய சிரிப்பின் மேல்தான் முதுகைச் சாய்க்க வேண்டும். அதே சிரிப்போடு அன்று குசினிக்குள் வந்து, எத்தனை மேசை, என்ன நிறத்தில் சோடனை, யார் யார் பேசுவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் என் கணவரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஹோல் வேண்டாம்,” என்றாள் தலையை நிமிர்த்தாமல். “நான் திமிங்கிலம் பாக்கோணும்.”

அத்தான் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். “அதுதானே நெடுக டீவியிலை பாக்கிறீர்.”

“தொட்டுப் பாக்கோணும்.”

அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அக்கா முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தாள். வேலை முடிந்து வந்து காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மிருகங்களைப் பற்றிய நிகழ்ச்சிகள் பார்ப்பாள். மெக்சிகோவின் மேற்குப் பக்கம், பாலைவனத்துக்குள் கடல் புகுந்து நிற்கும் ஒரு குடாவுக்குக் குளிர்காலத்தில் திமிங்கிலங்கள் குட்டி போட வருகின்றனவாம். வள்ளத்துக்குப் பக்கத்தில் வந்து தலையை நீட்டுமாம். சனம் தடவிக் கொடுக்குமாம். இதை அவள் எப்போது பார்த்தாளோ, எத்தனை வருடம் மனதில் வைத்திருந்தாளோ, ஒருவருக்கும் தெரியாது.

அத்தான் வியாபாரி. உடனே பேரம் பேசினார். “அப்ப கன்கூனுக்குப் போவம். அதுவும் மெக்சிகோதான். கடலும் இருக்கு. திமிங்கிலம் வந்தால் வரட்டும்.”

“நீங்கள் கன்கூனுக்குப் போங்கோ. நான் இவளோடை போறன்,” என்று வெட்டுக்கத்தியால் என்னைக் காட்டினாள்.

என்னிடமும் அவள் கேட்கவில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மனைவி அறுபதாவது பிறந்தநாளுக்குத் தங்கச்சியோடு போனாள் என்று ஊர் கதைக்க விட்டுவிட்டு அத்தான் கன்கூனில் இருக்க முடியுமா? நால்வரும் போவதாக முடிவாயிற்று.

எங்கள் சனத்துக்கு விடுமுறை என்றால் ஒரு வரைவிலக்கணம் உண்டு. சாப்பாடும் சேர்த்துக் காசு கட்டிய ஹோட்டலில் கையில் பிளாஸ்டிக் பட்டி கட்டவேண்டும். காலை, மதியம், மாலை, நடுவில் என்று தட்டை நிரப்பவேண்டும். நீச்சல் தடாகத்தின் ஓரத்தில் உடை நனையாமல் நின்று படம் எடுத்து, நாங்கள் அங்கிருந்து கிளம்பும் முன்பே வட்சப்பில் போட்டுவிடவேண்டும். கடலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்போம். இந்த வரைவிலக்கணத்துக்குள் எங்கள் பயணம் அடங்கவில்லை. றிச்மண்ட் ஹில் கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது எனக்கு முன்னால் நின்ற அன்ரி ஒருவர் கேட்டார்.

“எங்கை பிள்ளை, பாலைவனத்துக்கோ? ஏதும் நேர்த்திக்கடனோ?”

“இல்லை அன்ரி, சும்மா பாக்க.”

“அங்கை என்ன இருக்கு பாக்க?”

“கள்ளி, மணல், உப்பு, பறவையள். வந்தால் திமிங்கிலம்.”

“மிச்ச நேரம் என்ன செய்வியள்?”

அன்ரி என்னைப் பார்த்த பார்வையில், எங்கள் குடும்பத்தில் யாருக்கோ தீராத வியாதி வந்துவிட்டது என்ற முடிவு இருந்தது. சாம்பார் ஊற்றுகிறவரிடம் எனக்குக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றச் சொன்னார்.

மாசி மாதம், ரொறொன்ரோ உறைந்து கிடந்த ஒரு காலையில் புறப்பட்டோம். அத்தான் ஒரு பெட்டி நிறைய அரிசி, மிக்ஸர், கட்டைச்சம்பல், ரைஸ் குக்கர் கொண்டுவந்தார். அவரைக் குறை சொல்கிற நான், பாலைவனத்துக்கு இரண்டு வெள்ளைச் சட்டையும் தலைமயிர் உலர்த்தும் மெஷினும் கொண்டுபோனேன். விமானத்தால் இறங்கி ஒரு நாள் முழுக்க வான் வண்டியில் ஓடினோம். தார் ரோட்டு முடிந்தது. பிறகு ரோட்டே முடிந்ததுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் உப்பு வெளி வெள்ளையாகப் பளபளத்தது. என் கணவர் வழியெல்லாம் ஒன்றும் பேசாமல் வந்தவர், அதைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: “ரெண்டு பிளேன் மாறி எங்கடை ஆனையிறவு உப்பளத்துக்கு வந்திருக்கிறம்.”

அக்கா மட்டும் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு பார்த்தபடி வந்தாள்.

நாங்கள் தங்கிய முகாம் என்பது கரையோரத்தில் பத்துப் பன்னிரண்டு மரக் குடில்கள். கட்டில், போர்வை, ஒரு வாளி தண்ணீர். சூரிய ஒளியில் எரியும் ஒரு பல்ப். அத்தான் ரைஸ் குக்கரைக் கையில் பிடித்தபடி குடிலைச் சுற்றிச் சுற்றி வந்தார். சுவரில் பிளக் இல்லை. போனில் சிக்னலும் இல்லை. முகாமை நடத்திய பெண்மணி, தூரத்தில் இருந்த ஒரு மேட்டைக் காட்டி, அதன் உச்சியில் நின்றால் சிலவேளை கிடைக்கும் என்றார். அதுவரை பார்த்த அத்தனை காட்சியிலும் அத்தானின் மனதைத் தொட்டது அந்த மேடு ஒன்றுதான்.

அடுத்த நாள் காற்று பிய்த்து எடுத்தது. வள்ளம் இறக்க முடியாது என்றார்கள். அந்தப் பெண்மணி எங்களுக்கு வேறு என்னென்ன செய்யலாம் என்று அன்போடு சொன்னார். நீர் வற்றும் நேரத்தில் கண்டல் காட்டு ஓரமாக நடக்கலாம். கம்பத்தின் உச்சியில் கூடு கட்டியிருக்கும் பருந்தைப் பார்க்கலாம். சிப்பி பொறுக்கலாம். பாதி மணலில் புதைந்து கிடக்கும் திமிங்கில எலும்பைப் பார்க்கலாம். அத்தான் இவை எல்லாவற்றையும் அரை மணித்தியாலத்தில் பார்த்து முடித்தார். பருந்தைப் பார்த்து, “வோட்டர்ஃப்ரன்ட் வியூ,” என்றார். எலும்பைப் பார்த்து, “பழசு,” என்றார். “உந்தக் கரை மஸ்கோக்காவிலை இருந்தால் இப்ப என்ன மாதிரி இருக்கும் தெரியுமோ?” என்று, கனடாவில் பணக்காரர்கள் கோடை வீடு வாங்கும் ஏரிக்கரையை நினைத்துக் கேட்டார். மஸ்கோக்கா மாதிரி இருக்கும் என்றார் என் கணவர். அத்தான் கோபித்துக்கொண்டு மேட்டில் ஏறிப் போய், ஒரு கையை வானத்துக்கு நீட்டியபடி நின்றார். கீழே இருந்து பார்க்க, ஏதோ மதத்தை நிறுவ வந்தவர் போலிருந்தது.

அக்கா அந்தப் பகல் முழுவதும் திமிங்கில எலும்புக்குப் பக்கத்தில் மணலில் இருந்தாள். சிப்பி பொறுக்கவில்லை, படம் எடுக்கவில்லை. நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். “அலுக்கேல்லையோ?” என்று கேட்டேன்.

“எனக்கு ஒருத்தருக்கும் சோறு போடத் தேவையில்லை. இதைவிட என்னடி வேணும்?” என்றாள்.

அதற்கு அடுத்த காலை கடல் தகடுபோல் கிடந்தது. செம்மஞ்சள் நிற உயிர்காப்பு அங்கிகளை மாட்டிக்கொண்டு கரைக்குப் போனோம். வள்ளத்தைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டாள். எஞ்சின் பூட்டிய, கூரையில்லாத சின்ன வள்ளம். வள்ள ஓட்டி கையை நீட்டிக்கொண்டு நின்றார். அக்கா நகரவில்லை.

“வந்த இடத்திலை இதென்ன பயம்?” என்றார் அத்தான். “குளம் மாதிரிக் கிடக்கு. ஏறும், ஏறும்.”

“ஏறத்தான் போறன். கொஞ்சம் பொறுங்கோ.”

ஏறினாள். நடுப் பலகையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் வெளிறிப் போயிருந்தன. அத்தான் முன்பக்கம் இருந்து, போனை நெஞ்சோடு பிடித்துப் படம் எடுக்கத் தொடங்கினார். குடாவின் நடுவில் ஓட்டி எஞ்சினை நிறுத்தினார். சத்தம் போனதும் தண்ணீர் வள்ளத்தில் தட்டுவது மட்டும் கேட்டது.

“கிளாலியிலையும் இப்பிடித்தான் எஞ்சினை நிப்பாட்டினவங்கள்,” என்றாள் அக்கா.

யாழ்ப்பாணத்தில் சண்டை நடந்த காலத்தில், அத்தான் கனடா வந்த பிறகு, அக்கா தன் மகளைத் தூக்கிக்கொண்டு கிளாலிக் கடலை இரவில் வள்ளத்தில் கடந்து கொழும்புக்கு வந்தாள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். வந்தாள் என்பதோடு எங்கள் அறிவு முடிந்துவிட்டது. அவளும் சொன்னதில்லை.

“நேவிக்காரன்ரை போட் போற சத்தம் கேட்டது. பிள்ளை அழப் பாத்தாள். நான் வாயைப் பொத்திப் பிடிச்சனான். கனநேரம். கையை எடுக்கேக்கை பிள்ளை உயிரோடை இருக்குதோ எண்டு தெரியாது. பக்கத்திலை இருந்த மனிசிதான் நெஞ்சிலை காதை வைச்சுப் பாத்தவ.”

போனைப் பிடித்தபடியே அத்தான், “நீர் உதை எனக்குச் சொல்லேல்லையே,” என்றார்.

“நீங்கள் கேக்கேல்லை. எயர்போட்டிலை என்னைக் கண்ட உடனை, என்னப்பா நல்லாக் கறுத்துப் போனீர் எண்டுதான் சொன்னனீங்கள்.”

வள்ளத்துக்குப் பக்கத்தில் தண்ணீர் வெடித்ததுபோல் ஒரு மூச்சு. அழுகிய மீன் நாற்றத்தோடு எங்கள் எல்லோரையும் நனைத்தது. என் வெள்ளைச் சட்டை அன்றோடு வெள்ளையாக இருப்பதை விட்டது. சாம்பல் நிறத்தில், சிப்பிகள் ஒட்டிய முதுகு, வள்ளத்தைவிட நீளமாகக் கீழே வழுக்கிப் போனது. அதற்குப் பக்கத்தில் குட்டி. குட்டி என்று சொல்கிறேன், எங்கள் வள்ளத்தில் முக்கால்வாசி இருக்கும். அது தலையைத் தூக்கி, அக்கா இருந்த பக்கம் விளிம்பில் மோவாயை வைப்பதுபோல் வந்து நின்றது.

அக்கா ஒரு கையை எடுத்தாள். பிறகு மற்றக் கையையும் எடுத்தாள். தொட்டாள்.

“எடி, அவிச்ச முட்டை மாதிரி இருக்கு!” என்று கத்தினாள். பிறகு அழுதாள், பிறகு சிரித்தாள், இரண்டும் ஒன்றாய் வந்தது. குனிந்து குட்டியோடு கதைக்கத் தொடங்கினாள். “வாங்கோ குஞ்சு, அம்மா எங்கை? அம்மா விட்டவவோ இவ்வளவு தூரம்?” தாய் கீழே நின்று ஒரு பக்கம் சரிந்து எங்களைப் பார்த்தது. அதன் கண்ணை நான் கண்டேன். ஓட்டி தன் உடைந்த ஆங்கிலத்தில், இங்கே உள்ளவற்றுக்கு ஸ்பானிய மொழிதான் விளங்கும் என்று பகிடி விட்டார். அக்கா கேட்கவில்லை. ஓட்டி, நேரமாயிற்று, மற்ற வள்ளங்களுக்கு இடம் விடவேண்டும் என்று சொல்லும்வரை யாழ்ப்பாணத் தமிழில்தான் குசலம் விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மதியம், பொரித்த மீனும் சோள ரொட்டியும் வந்தன. அத்தான் எல்லோரையும் தன்னைச் சுற்றி இருத்தி, “முழுக்க வீடியோ எடுத்திட்டன்,” என்று போனைத் திறந்தார். வீடியோ ஓடியது. திமிங்கிலம் இல்லை. கடலும் இல்லை. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை அத்தானின் முகம். வெயிலில் திரை தெரியாமல், எதிர்ப்பக்கக் கமெராவுக்குப் பதிலாகத் தன்னைப் பார்க்கும் கமெராவை அழுத்திவிட்டிருக்கிறார். மூக்குத் துவாரம் இரண்டும் திரையை நிறைத்து நின்றன. என் கணவர் வாயிலிருந்த மீனைத் துப்பிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

பிறகு சிரிப்பு அடங்கியது. வாங்குகளில் ஒட்டிய அந்தச் சிரிப்போடு தொடங்குகிற முகம், அக்காவின் குரல் கேட்கக் கேட்கக் கழன்று விழுந்தது. வாய் திறந்தபடி நின்றது. “கறுத்துப் போனீர் எண்டுதான் சொன்னனீங்கள்” என்ற இடத்தில் கண்ணை மூடினார். பிறகு தண்ணீர் தெறித்தது, நாங்கள் கூச்சலிட்டோம். உலகத்திலேயே மிகப் பெரிய பிராணிகளில் ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில் நிற்க, அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அக்கா இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணால் ஒழுகியது கடல் தண்ணீர் அல்ல.

அத்தான் அவசரமாக அழிக்கப் போனார். அக்கா போனைப் பறித்தாள்.

“அழிக்காதேங்கோ. சிக்னல் வந்தவுடனை எனக்கு அனுப்புங்கோ.”

“உதை வைச்சு என்ன செய்யப் போறீர்?”

“பாப்பன்.”

புறப்படும் காலை மறுபடி வள்ளத்தில் போனோம். அத்தான் போனைக் குடிலிலேயே விட்டுவிட்டு வந்து, முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டுக் காத்திருந்தார். குட்டி அக்காவிடம் வந்தது, என்னிடம் வந்தது, கேட்காமலே என் கணவரின் தொப்பியையும் முட்டிப் பார்த்தது. அத்தானின் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் ரொறொன்ரோ வந்திறங்கிய அன்றைக்கே, “திமிங்கிலத்தைத் தொட்டனாங்கள்,” என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். தமிழில் தன்மைப் பன்மை இதற்கெல்லாம் மிகவும் உதவும்.

படம் எங்கே என்று கேட்டவர்களுக்கு, அங்கே படம் எடுக்கத் தடை என்றார். கோயில் அன்ரிக்கு இது நன்றாகப் பிடித்துப்போயிற்று. படம் எடுக்க விடாத இடமென்றால் மூலஸ்தானம் மாதிரியான இடமாகத்தான் இருக்கும் என்று, பாலைவனத்தின்மேல் அவருக்குத் திடீர் மரியாதை வந்துவிட்டது. அடுத்த வருடம் தானும் போவதாகச் சொன்னார். அங்கே இட்லி கிடைக்குமா என்று கேட்டார்.

பனி கரையத் தொடங்கிய கிழமை, அக்கா அஜக்ஸில் உள்ள நீச்சல் தடாகத்தில் பெரியவர்களுக்கான ஆரம்ப வகுப்பில் சேர்ந்தாள். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக அழைத்துக் கவலை தெரிவித்தார்கள். “இந்த வயசிலை நீச்சல் உடுப்போ?” என்று ஒரு அன்ரி ஸ்பீக்கர் போனில் கேட்டது எனக்கும் கேட்டது.

“ஓம் அன்ரி, அறுபதிலைதான் என்ரை சைஸுக்குக் கிடைச்சுது,” என்றாள் அக்கா.

அத்தான்தான் காரில் கொண்டுபோய் விடுகிறார். போன கிழமை நானும் போனேன். அக்கா இடுப்பளவு தண்ணீரில், ஒரு நுரைப் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு காலை அடித்தாள். ஒரு இடத்திலேயே நின்று அடித்தாள். பயிற்றுவிக்கும் பெண், பேத்தி வயது இருக்கும், கைதட்டினாள். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற அத்தான், பக்கத்தில் நின்ற ஒரு சீனக் கிழவரிடம், “மை வைஃப்,” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கிழவர், தன் மனைவியும் உள்ளேதான் என்று ஒரு செம்மஞ்சள் தொப்பியைக் காட்டினார். அந்த அம்மா ஏற்கெனவே மறுகரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தார். அத்தானுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அக்கா தலையைத் துவட்டியபடி வெளியே வந்தாள்.

“பசிக்குது. ரோல்ஸ் வாங்கித் தாங்கோ,” என்றாள்.

அத்தான் காரை எடுக்கப் போனார்.