சாரல் வந்ததும் நிறுத்திய மாத்திரை

1. ட்ரே ஆடிய காலை

எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் ஆண் நர்ஸாக இருந்தேன். உள்ளே வேலை பார்ப்பவர்கள் 'பிரதர்' என்பார்கள். வெளியிலிருந்து வருகிறவர்கள் எத்தனை முறை சொன்னாலும் 'கம்பவுண்டரே' என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஆபரேஷன் தியேட்டரில் என் முக்கிய வேலை எண்ணுவது. வயிற்றைத் திறக்கும் முன் எத்தனை மாப், எத்தனை ஃபோர்செப்ஸ் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். தைக்கும் முன் மறுபடி எண்ண வேண்டும். மாப் என்பது ரத்தம் ஒற்றி எடுக்கும் தடித்த துணி. ஒன்று உள்ளே தங்கிவிட்டால் நோயாளியின் உயிருக்கே ஆபத்து. இந்த வேலை எனக்கென்றே செய்தது போல இருந்தது. எதையும் எண்ணாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. மின்விசிறிக்கு இறக்கை மூன்றுதான் என்று தெரிந்தும் தினமும் எண்ணுவேன்.

டாக்டருக்குக் கருவிகளை எடுத்துக் கொடுப்பவர் ஜெபமணி சிஸ்டர். சுரண்டைக்காரர், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். டாக்டர் கையை நீட்டினால் அவர் வாய் திறப்பதற்குள் வேண்டியது கையில் இருக்கும். 'சிஸ்டர் லீவு போட்டா எனக்கும் லீவு' என்று டாக்டர் சொல்வார். அது பாதிதான் வேடிக்கை.

குற்றாலத்தில் சாரல் சீசன் தொடங்கியிருந்த சமயம். அன்று காலை அப்பெண்டிக்ஸ் கேஸ். பாதி ஆபரேஷனில் கருவிகள் இருந்த ட்ரேயிலிருந்து கிலுகிலுவென்று சத்தம் வந்தது. பார்த்தால், ட்ரேயைப் பிடித்திருந்த சிஸ்டரின் கை ஆடுகிறது.

டாக்டர் தலை நிமிரவில்லை. "சிஸ்டர், தியேட்டருக்குள்ள காத்து அடிக்குதோ?"

மாஸ்க்குகளுக்குள் எல்லோரும் சிரித்தோம். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை.

தைக்கும் நேரம் வந்தது. "பிரதர், கவுண்ட்?"

"ஒம்பது, டாக்டர்."

"பத்துல்லா குடுத்தோம்?"

"பத்துதான் குடுத்தோம்."

"அப்போ நான் தைக்கப் போறதில்ல. தேடும்."

வாளியில் தேடினேன். மேஜைக்கு அடியில் தேடினேன். ஒன்பதையும் திரும்பத் திரும்ப எண்ணினேன். ஒன்பது பத்தாகவில்லை. என் பனியன் நனைந்துவிட்டது. கடைசியில், சிஸ்டரின் கவுன் மடிப்பில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். கை நடுக்கத்தில் வாளிக்குப் போக வேண்டியது அங்கே விழுந்திருக்கிறது. "பத்து. சரி" என்றேன். டாக்டர் தைத்தார். நோயாளி நன்றாக எழுந்து, எப்போது இட்லி தருவீர்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கை கழுவும் இடத்தில் சிஸ்டர் குழாயை மூடாமல் நின்றார்.

"பிரதர், இதோட சரி. மேட்ரன்கிட்டச் சொல்லிட்டு ஓ.பி.யில சீட்டு எழுதுத வேலைக்குப் போயிருதேன். இன்னைக்கு உங்க கண்ணுல பட்டுட்டு. நாளைக்குப் படலைன்னா?"

தியேட்டர்தான் அவருக்கு எல்லாம். அதை விட்டுவிட்டு இவர் ஓ.பி. என்கிற வெளிநோயாளிப் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னால் எப்படி உட்காருவார் என்று எனக்குப் புரியவில்லை. குழாயை நான்தான் மூடினேன்.

2. பானைக்கு முன்னால் இரண்டு முதுகுகள்

இதற்கு முந்தைய வருஷம் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும்.

நர்ஸ்களுக்குப் பயம் கிடையாது என்பது ஊரின் நம்பிக்கை. உண்மையில், பயம் இல்லாத நர்ஸை நான் பார்த்ததில்லை. ஒருவர் கிராம்பு மெல்லுவார். ஒருவர் சங்கீதம் முணுமுணுப்பார். ஒருவர் கழுவிய கையையே மறுபடி கழுவுவார். நான் எண்ணுவேன். எண்ணியும் நெஞ்சு அடங்காமல், இரவெல்லாம் கண்ணை விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்த பிறகுதான் டாக்டரிடம் போனேன். அவர் பரிசோதித்து, பதற்றத்தைத் தணிக்கும் டயசிபாம் மாத்திரை எழுதிக் கொடுத்தார், குறைந்த அளவில். வெட்கத்தில் அதை ஒரு பெப்பர்மின்ட் டப்பாவில் வைத்துக்கொண்டேன்.

தியேட்டருக்கு வெளியே தண்ணீர்ப் பானை இருக்கும். ஒருநாள் காலை நான் சுவர்ப்பக்கம் திரும்பி மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு நிமிர்ந்தால், எனக்கு முதுகைக் காட்டியபடி ஜெபமணி சிஸ்டரும் அதையே செய்துகொண்டிருந்தார்.

"தலைவலியா, பிரதர்?"

"ஆமா சிஸ்டர். உங்களுக்கு?"

"எனக்கும் தலைவலிதான்."

அவர் கையில் இருந்ததும் பெப்பர்மின்ட் டப்பா. அதே கடை, அதே பச்சை நிறம். இரண்டு பேரும் ஒருவர் டப்பாவை ஒருவர் பார்த்தோம். சிஸ்டருக்கு முதலில் சிரிப்பு வந்தது.

"எம்மா, தென்காசி முழுக்க ஒரே தலைவலியால்லா இருக்கு."

ஸ்ட்ரெச்சர் சக்கரம் உருளும் சத்தம் கேட்டாலே தனக்கு மூச்சு முட்டும் என்றும், அதற்காகத்தான் டாக்டர் கொடுத்தார் என்றும் அன்று சொன்னார். அதன் பிறகு தினமும் பானைக்கு முன்னால் சந்திப்போம். ஆனாலும் முதுகைத் திருப்பிக்கொண்டுதான் விழுங்குவோம். யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது?

ட்ரே ஆடிய நாளுக்கு முன் பத்து நாளாகப் பானைக்கு முன்னால் நான் மட்டும்தான் நின்றேன். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். சிஸ்டருக்குக் குணமாகிவிட்டது போலிருக்கிறது, நமக்குத்தான் ஆகவில்லை என்று கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

3. பலாப்பழ அண்ணாச்சி

சாரல் விழுந்தால் எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. குற்றாலத் தண்ணீர் மலை மூலிகையில் ஊறி வருவது. அதில் குளிக்கிற காலத்தில் இங்கிலீஷ் மருந்து ஆகாது என்று மாத்திரைகளை ஏறக்கட்டிவிடுவார்கள். பிரஷர்காரர், சுகர்காரர் எல்லோரும் துண்டோடு போய் நின்றுவிடுவார்கள். பிறகு எங்கள் வார்டுக்கு வருவார்கள்.

அன்று மத்தியானமும் ஒருவர் வந்தார். ஜெபமணி சிஸ்டரின் ஊரான சுரண்டையில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சி. ஐந்தருவியில் குளித்துவிட்டு, கரையில் ஒரு பலாப்பழத்தைக் குடும்பத்தோடு காலி செய்துவிட்டு, தலை சுற்றி விழுந்திருந்தார். சுகர் மாத்திரையை விட்டு ஒரு வாரம்.

காலையில் நடந்ததன் கோபத்தையெல்லாம் சிஸ்டர் அவர்மேல் இறக்கினார்.

"மாத்திரைய யாரைக் கேட்டு நிறுத்துனீங்க, அண்ணாச்சி?"

"சீசன்லா, சிஸ்டரம்மா. அருவியில எத்தன மூலிகை வருது, தெரியுமா?"

"மூலிகையா உங்க சுகரை இறக்கும்?"

"உடம்பு நல்லாத்தான இருந்துச்சு. நல்லா இருக்கும்போது எதுக்கு மாத்திரைன்னு விட்டுட்டேன்."

"அந்த மாத்திரை போட்டதுனாலதான நல்லா இருந்தீங்க? அதை நிறுத்திட்டு அருவியில போயி நின்னா..."

நான் எதிர்ப்பக்கம் நின்று பி.பி. பார்த்துக்கொண்டிருந்தேன். சிஸ்டரின் முகத்தைப் பார்த்தேன். பானையும் பத்து நாளும் எனக்கு நினைவு வந்தன. பத்து நாளுக்கு முன்புதான் மற்ற நர்ஸ்கள் எல்லோரும் ஆஃப் எடுத்துப் பேரருவிக்குப் போய்வந்தார்கள்.

"சிஸ்டர், நீங்களுமா?" என்றேன்.

அவர் பக்கத்துக் காலிக் கட்டிலில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துபோனேன். பார்த்தால், சிரிக்கிறார். தலைத் தொப்பி நழுவி விழும்வரை சிரித்தார்.

அண்ணாச்சி மிரண்டுபோய் என்னைக் கேட்டார்: "ஏன் கம்பவுண்டரே, எனக்கு அவ்வளவு மோசமாவா இருக்கு?"

4. படி இறங்குவது

அன்று சாயங்காலமே டாக்டரின் அறைக்குப் போனோம். தனியாகப் போக மாட்டேன் என்று சிஸ்டர் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அருவி, மூலிகை, நிறுத்திய மாத்திரை எல்லாவற்றையும் சொன்னார். ஓ.பி.க்கு மாற்றிவிடுங்கள் என்றும் சொன்னார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "எத்தன மாசமாப் போட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"ஒரு வருஷத்துக்கு மேல இருக்கும், டாக்டர்."

"அதை ஒரே நாள்ல விட்டா உடம்பு சும்மா இருக்குமா? கை ஆடும், தூக்கம் போகும், பழைய பயம் ரெண்டு மடங்கா வரும். இந்த மாத்திரைய விடணும்னா விடலாம். மாடிப்படி மாதிரி மெதுவா இறங்கணும். நீங்க மொட்டை மாடியில இருந்து குதிச்சிருக்கீங்க."

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும், டாக்டர். நான் நர்ஸு."

"நர்ஸுக்கு என்ன, ரெண்டு உடம்பா? உங்க கை கெட்டுப்போகல, சிஸ்டர். மாத்திரை நின்னதுல ஆடுது. மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சு, கொஞ்ச நாள் வார்டைப் பாருங்க. கை ஆட்டம் நின்னதும் தியேட்டருக்கு வாங்க. ஓ.பி. ஜன்னலுக்கு நான் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன்."

எழுந்து கதவுவரை வந்த பிறகு சிஸ்டர் திரும்பிக் கேட்டார்: "அருவிக்குப் போகலாமா, டாக்டர்?"

"தாராளமாப் போங்க. அதுவும் நல்லதுதான். மாத்திரையப் போட்டுட்டுப் போங்க."

சாரல் முடிவதற்குள் சிஸ்டர் தியேட்டருக்குத் திரும்பிவிட்டார். முதல் நாள் ஹெர்னியா கேஸ். நான் மாப்பை எண்ணவில்லை, ட்ரேயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் கேட்ட பிறகுதான் எண்ணினேன். "பத்து. சரி."

டாக்டர் தைத்துக்கொண்டே சொன்னார்: "சிஸ்டர், காத்து நின்னுட்டு போலுக்கே."

"சீசன் முடியப் போகுதுல்லா, டாக்டர்" என்றார் சிஸ்டர். இந்த முறை மாஸ்க்குக்குள் அவரும் சிரித்தார்.

5. பஸ்ஸின் படிக்கட்டில்

சிஸ்டர் படிப்படியாக அளவைக் குறைத்து, ஒன்றரை வருஷத்தில் டாக்டர் சொன்னபடியே அந்த மாத்திரையை விட்டார். எனக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் காலம் ஆனது. எண்ணுவது மட்டும் இன்றுவரை விடவில்லை. அதற்கு டாக்டர் மாத்திரை எதுவும் எழுதித் தரவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அடுத்த சீசனைப் பற்றி. நர்ஸ்கள் எல்லோரும் பேரருவிக்குக் கிளம்பினோம். டவுன் பஸ்ஸின் படிக்கட்டில் ஜெபமணி சிஸ்டர் குறுக்கே நின்றுகொண்டார்.

"மாத்திரை உள்ளவங்க எல்லாம் போட்டாச்சா? அப்புறம்தான் துண்டு கொண்டாந்தாச்சான்னு பாப்பேன். ஏட்டி, உனக்கு தைராய்டுக்கு ஒண்ணு உண்டுல்லா? போட்டியா? பிரதர், உங்களுது?"

பஸ் முழுக்கக் கேட்டது. எனக்குக் காது சூடேறியது.

"போடல, சிஸ்டர்" என்றேன். "டப்பாவுலதான் இருக்கு."

"எடுங்க. எனக்கும் இன்னைக்கு அரை இருக்கு."

கூஜாவிலிருந்து டம்ளரில் தண்ணீர் ஊற்றி எனக்கு நீட்டினார். நான் பழக்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பினேன். "இங்கன பாத்துப் போடுங்க" என்றார். திரும்பினேன். இருவரும் எதிரெதிரே நின்று, அத்தனை பேர் பார்க்க, விழுங்கினோம். பின்சீட்டில் இருந்த இரண்டு இளம் நர்ஸ்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, மெதுவாகத் தங்கள் பைகளைத் திறந்தார்கள். ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். இரண்டு பையிலும் பெப்பர்மின்ட் டப்பா.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். நோயாளிக்குச் சொல்லும் புத்தியை ஒருமுறை உங்களுக்கும் சொல்லிப் பாருங்கள். மாத்திரை தேவைப்பட்டால் டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்; அவரைக் கேட்டே விடுங்கள். விழுங்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பாதீர்கள்.