பொட்டு வைத்த இரண்டாவது மெஷின்

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு யாரோ என் லேப்டாப் மூடியில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துடைத்துப் பார்த்தேன், வாசனை விடவில்லை. அந்த வாசனைக்கு எனக்குப் பக்தி வருவதில்லை. அரியலூர் பஸ்தான் ஞாபகம் வரும்.

படித்து முடித்ததும் பெரம்பலூரில் சின்ன வெங்காயம் ஏற்றுமதி செய்யும் ஆபீஸில் சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிர் கொஞ்சம் உண்டு. இருக்கட்டுமே, சும்மா வந்த திமிரா அது? ஆபீஸ் மெயிலெல்லாம் மூலையிலிருந்த ஒரு மெஷினுக்குத்தான் வரும். கரண்ட் போனாலும் இடி இடித்தாலும் அது படுத்துக்கொள்ளும். அரியலூர் கிளையில் இன்னொரு மெஷின் வைத்தால், இது படுத்திருக்கும் நேரத்தில் வருகிற மெயிலை அது வாங்கி வைக்கும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டது வேறு காரணத்துக்கு.

"ஆயுத பூசையன்னிக்கு மெஷின நிறுத்தியே ஆவணும்மா. அன்னிக்கு வர்ற மெயிலு வீணாப் போவுதுல்ல?"

வைத்து முடித்தேன். பெரம்பலூர் மெஷினின் ஒயரைப் பிடுங்கிவிட்டு எனக்கே ஒரு மெயில் போட்டேன். சமர்த்தாக அரியலூரில் போய் உட்கார்ந்திருந்தது. எங்கள் ஊர் குன்னத்துக்குப் போய் அப்பாவிடம் விளக்கினபோது சட்டென்று பிடித்துக்கொண்டார். "ஒரு கெணறு வத்துனா இன்னொரு கெணறு. அதானே?"

காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர். அந்த வருஷம்தான் முதன்முதலாகக் குத்தகைக்கு எடுத்து வெங்காயம் போட்டிருந்தார். மகள் வேலை செய்கிற இடமாயிற்றே என்று மொத்தத்தையும் எங்கள் குடோனில் இறக்கினார்.

மழை பிடித்துக்கொண்டது. மூட்டைகள் வேர்க்கத் தொடங்கின. அந்தச் சரக்கை வாங்க இருந்த வெளிநாட்டு வியாபாரி போனை எடுக்காத ஆள். பூஜையன்று விலையும் கப்பலும் எழுதுகிறேன், சாயங்காலத்துக்குள் சம்மதம் வராவிட்டால் வேறு இடம் பார்ப்பேன் என்று முன்பே மெயிலில் எழுதியிருந்தார். எனக்கென்ன, இரண்டாவது கிணறு இருக்கிறதே!

அன்று காலை வீட்டிலிருந்து போனில் அரியலூர் மெஷினுக்குள் போகப் பார்த்தேன். திறக்கவில்லை. கிளையைப் பார்த்துக்கொள்ளும் அமுதாக்காவைக் கூப்பிட்டேன்.

"அதையும் நிறுத்திப் பொட்டு வெச்சுட்டேன் பாப்பா. மூத்தது அங்க பூசையில உக்காந்திருக்கு, இளையதுக்கு மட்டும் வேலையா? பாவம்ல?"

பெரம்பலூர் ஆபீஸைக் காலையிலேயே படைத்துப் பூட்டிவிட்டார்கள். அரியலூர் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். சுண்ணாம்புக்கல் லாரிகள்கூட வாழைக்கன்று கட்டி ஓரமாக நின்றன. ரோடே காலி, என் பஸ் மட்டும் நகராதது போலிருந்தது.

"படைச்சதத் தொடக் கூடாது. நாளைக்கு மறுபூசை போட்டுட்டு எடுத்துக்க" என்று அமுதாக்கா மெஷினை மறைத்து நின்றார். முதலாளிக்குப் போன் போட்டேன். "படைச்சாச்சுல்ல, ஒரு நாள்ல என்னம்மா ஆயிடப் போவுது?"

"குடோன்ல கெடக்கிறது எங்கப்பா வெங்காயம்க்கா" என்றேன். அமுதாக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வழி விட்டார்.

பொரியை ஒதுக்கிவிட்டு ஆன் செய்தேன். மெஷின் ஓடியது, மெயில் வரவில்லை. அனுப்புகிற மெஷின் ஒருமுறை தட்டிப் பார்த்துத் திரும்பிவிட்டால், மறுபடி எப்போது தட்டும் என்பது அதன் இஷ்டம். இதெல்லாம் படித்திருக்கிறேன். படித்து என்ன? என் சொந்த மெயிலிலிருந்து அந்த வியாபாரிக்குக் கெஞ்சி எழுதினேன். யாரோ ஒரு பெண்ணுக்கு அவர் ஏன் பதில் போடுகிறார்? திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே பூசணிக்காய் உடைத்தார்கள். வெளிச்சம் போனது.

மெயில் மறுநாள் காலை வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்றும்: வேறு இடத்தில் பேசி முடித்தாயிற்று.

குடோனில் மூட்டை பிரித்தால் எல்லாம் முளை விட்டிருந்தது. மெஷினை நிறுத்தியவர்களை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "படையல்ல கை வெச்சா வெளங்குமா?" என்று என் காதுபடவே பேசினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அப்பா சாப்பிட்டுக் கை கழுவும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நீ தொட்டுட்டியாமே?"

அந்த ஆபீஸ் இப்போது இல்லை. மெயிலெல்லாம் கண்காணாத ஏதோ இடத்தில் கிடக்கிறது. யாருடைய பூஜைக்கும் நிற்பதில்லை. அப்பா குத்தகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அடுத்த போகத்துக்கென்று விட்டத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த விதை வெங்காயத்தை அம்மா கொத்துக் கொத்தாக இறக்கிக் குழம்புக்கு உரித்துத் தீர்த்தாள்.